பாதி வழியில் நின்ற பாட்டு

ஒரு பாட்டு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் வழிகள் மூன்று. குரு பாடச் சீடன் கேட்டுப் பாடுதல் ஒன்று. சுரப்படுத்தி எழுதிய தாளைப் பார்த்து வாசித்தல் மற்றொன்று. பாடியவரின் குரலையே தட்டிலோ நாடாவிலோ பதிந்துவைத்துக் கேட்டல் மூன்றாவது. பதிந்த பாட்டு எந்த வீட்டிற் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். சுரத்தாள் அப்படியன்று. பெற்றவர் வீட்டில் வீணை இருந்தால் பாட்டு வீணையிற் பிறக்கும்; ஆர்மோனியம் இருந்தால் ஆர்மோனியத்திற் பிறக்கும்; எதுவும் இல்லையேல் தாள் தாளாகவே பெட்டிக்குள் கிடக்கும்.

இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பாட்டுக்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ஆனால் 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இல்லங்களுக்குட் புகுந்த சிறு கணினிகளில் இளைஞர்கள் ஆக்கிப் பகிர்ந்துகொண்ட பாட்டுக்கள் இரண்டாம் வகையின. அவை சுரத்தாள்கள். அச்சுரத்தாள்கள் ஓரினக் கணினியிலிருந்து வேறோரினக் கணினிக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது? இடக்காதுக்கு ஒன்றும் வலக்காதுக்கு ஒன்றுமாகப் பிரித்து அமைத்த ஸ்டீரியோ இசை வழியில் எவ்வாறு சிதைந்தது? இவற்றையே இக்கட்டுரையிற் காணப்போகின்றோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இறுவட்டு ஒன்றில் ஸ்டீரியோ இசையைப் பதிவதற்கு ஒரு செக்கனுக்கு 176,400 பைற்றுக்கள் வேண்டும். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த கொம்மடோர் 64 என்னும் கணினியின் நினைவகம் முழுவதும் 65,536 பைற்றுக்களே. பதிந்த ஸ்டீரியோ இசையை அதற்குள் அடைத்தால், ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஒலித்து நின்றுவிடும். அதன் நெகிழ்வட்டு முழுவதையும் இசைக்கே ஒதுக்கினாலும் கிடைப்பது ஒரு செக்கன். ஒரு செக்கனில் எந்தப் பாட்டைக் கேட்பது? ஆதலின், கணினிக்குள் இருந்த இசைச் சில்லுக்கு 'இந்தச் சுரத்தை எழுப்பு, இவ்வளவு நேரம் நீட்டு, இப்பொழுது நிறுத்து' என்னும் கட்டளைகளை மட்டும் எழுதிவைத்தனர். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சில ஆயிரம் பைற்றுக்கள் போதியனவாயின.

இரு கோப்புகளில் ஒரு பாட்டு

கொம்மடோர் 64 கணினியின் இசைச் சில்லுக்குச் 'சிட்' என்று பெயர். பொப் யான்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் அமைத்தது. மூன்று குரல்களை ஒரே வேளையில் எழுப்ப வல்லது. விலை மலிந்த விளையாட்டுக் கணினி ஒன்றில் அத்துணைச் சிறந்த இசைக்கருவி இருக்கும் என்று அக்காலத்தில் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆயினும் அதன் ஒலி வெளிவரும் வழி ஒன்றே. இடம் வலம் என்னும் பேதம் அதற்குக் கிடையாது.

அச்சில்லுக்குப் பாட்டெழுத உதவும் 'சிட்பிளேயர்' என்னும் செய்நிரலைக் கிரெய்க் சேம்பர்லெயின் என்பவர் ஆக்கினார். 1985இல் நூலொன்றில் அது வெளிவந்தது. 1987இல் ஹரி பிராற் என்பாருடன் சேர்ந்து அதனை விரித்து இரண்டாம் நூலாகத் தந்தார். அதனைப் பெற்ற வாசகர்கள் அச்சிட்ட மேனாட்டுச் சுரத்தாள்களை முன்னே வைத்துக்கொண்டு, சுரம் சுரமாகத் தட்டச்சுச் செய்தனர். தேவாலயப் பாடல், பழைய செவ்விசை, வானொலியிற் கேட்ட புதுப்பாட்டு என எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பாட்டின் சொற்களையும் தனிக்கோப்பாக எழுதி, இசைக்கு ஏற்பத் திரையில் வரிவரியாகத் தோன்றச் செய்தனர். 1985இல் தொடங்கிய குவான்ரம் லிங் என்னும் தொலைபேசிவழிச் சேவையில் இப்பாட்டுக்கள் குவிந்தன. ஒருவர் ஏற்றிவைப்பார், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்து மற்றொருவர் இறக்கிக்கொள்வார்.

மூன்று குரல் போதாது என்ற எண்ணம் விரைவிலேயே தோன்றிற்று. இரண்டாவது சிட் சில்லு ஒன்றைக் கணினியோடு சேர்த்தால் ஆறு குரல்கள் கிடைக்கும். முதற் சில்லை ஓர் ஒலிபெருக்கிக்கும் இரண்டாஞ் சில்லை மற்றோர் ஒலிபெருக்கிக்கும் இணைத்தால் ஸ்டீரியோவும் கிடைக்கும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தோர் தாமே செய்துகொண்டனர். தெரியாதோருக்கென 'சிட் சிம்பொனி' என்னும் பெயரில் ஒரு பேழை விற்பனைக்கு வந்தது; கணினியின் பின்புறத்திற் செருகினாற் போதும். மார்க் டிக்கென்சன் என்பவர் இரு சில்லுகளையும் ஒருங்கே இயக்கும் செய்நிரலை எழுதினார்.

இங்கேதான் நம் கதையின் முடிச்சு விழுகின்றது. சிட்பிளேயர் கோப்பொன்றில் மூன்று குரலுக்கே இடமுண்டு. எனவே ஆறு குரற் பாட்டை இரண்டு கோப்புகளாக எழுதவேண்டியதாயிற்று. முதல் மூன்று குரலும் அடங்கிய கோப்பின் பெயர் 'எம்.யு.எஸ்.' என்று முடியும். மற்றை மூன்று குரலும் அடங்கியதன் பெயர் 'எஸ்.ரி.ஆர்.' என்று முடியும். சொற்கள் அடங்கிய கோப்பின் முடிவு 'டபிள்யூ.டி.எஸ்.'. ஒரு பாட்டு; மூன்று கோப்புகள். மூன்றும் ஒன்றாகச் செல்லும்வரை குறையில்லை.

ஆனால் 300 வேக மொடெம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய முப்பது எழுத்துக்களையே கொண்டுவரும். ஆறாயிரம் பைற் கோப்பொன்று வந்து சேர இருநூறு செக்கன் ஆகும். அதற்குள் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரே சில்லு உடைய பையன் இரண்டாங் கோப்பை எதற்காக இறக்குவான்? முதற் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்வான். அதைத் தன் நண்பனுக்கு நெகிழ்வட்டிற் பிரதிசெய்து கொடுப்பான். நண்பன் வேறொருவனுக்குக் கொடுப்பான். அந்த வேறொருவன் வீட்டில் இரண்டு சில்லும் இருக்கலாம். ஆயினும் அவன் கையிலுள்ளது பாதிப் பாட்டு. ஆக்கியவர் கோப்பின் இறுதியிலுள்ள குறிப்பு வரிகளில் 'இது ஸ்டீரியோ' என்று எழுதியிருந்தாலன்றி, அது பாதி என்பதை அவன் அறிய வழியில்லை. குறையென்று கேட்பவருக்கே தெரியாத குறையினும் பெரிய குறை வேறு உண்டோ?

இதனை நாதஸ்வரக் கச்சேரியோடு ஒப்பிட்டால் முழுவதும் பொருந்தாது. அங்கே தவில் வராவிட்டால் பந்தலில் நிற்கும் சிறுவனும் கேட்பான். இங்கே முதற் கோப்பில் மெட்டு பெரும்பாலும் முழுமையாக இருக்கும். அதனோடு இழைந்து வரவேண்டிய துணைக்குரல்களே போய்விடும். கேட்பவர் 'எளிய பாட்டு' என்று எண்ணிக்கொள்வார். ஆறு குரல்களையும் இரவிரவாக இருந்து கோத்தவருக்கு இது நியாயமன்று.

சொற்கோப்புக்கு நேர்ந்தது வேறு விதமான விபத்து. கொம்மடோர் கணினியின் எழுத்துக் குறியீடு ஏனைய கணினிகளின் குறியீட்டோடு முழுவதும் ஒவ்வாது. அதில் ஆங்கிலச் சிற்றெழுத்துக்குரிய எண், மற்றைக் கணினிகளிற் பேரெழுத்துக்கு உரியது. ஆகவே பாடற் சொற்களையும் ஆக்கியோன் பெயரையும் மாற்றாமல் வேறு கணினியிற் படித்தால், சில எழுத்துக்கள் தலைகீழாகி வேறு சில குப்பையாகிவிடும். இசை பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை.

அமெரிக்கக் கணினிக்கும் ஐரோப்பியக் கணினிக்கும் இடையே கூடச் சுருதி ஒவ்வாது என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம். தொலைக்காட்சி முறைகள் வேறுபட்டமையால் அமெரிக்கக் கொம்மடோரின் மணிக்கூட்டுத் துடிப்பு செக்கனுக்கு 1,022,727. ஐரோப்பியக் கொம்மடோருடையது 985,248. ஒரே எண்களை இரண்டிலும் இட்டால், ஐரோப்பாவில் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்களவு சுருதி இறங்கும்.

ஒரே சில்லு, வெவ்வேறு சுருதி

ஒரே பெயருடைய கணினியிலேயே இவ்வளவு என்றால், வெவ்வேறு கணினிகளுக்கிடையே என்னவாகும்? அதனை அறியச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ற் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஏ.வை. என்னும் இசைச் சில்லு. யமஹா நிறுவனமும் அதனையே வை.எம். என்னும் பெயரில் ஆக்கிற்று. 1983இல் ஜப்பானியரின் எம்.எஸ்.எக்ஸ். கணினிகளில் அது இருந்தது. 1984இல் பிரித்தானிய அம்ஸ்ட்ராட் சி.பி.சி. கணினியில் இருந்தது. 1985இல் அற்றாரி எஸ்.ரி. கணினியிலும், அதே ஆண்டு ஸ்பெயினிலும் மறு ஆண்டு பிரித்தானியாவிலும் விற்பனைக்கு வந்த ஸ்பெக்ட்ரம் 128 கணினியிலும் இருந்தது. நான்கு வீடுகளிலும் ஒரே வீணை என்றே சொல்லலாம். அப்படியாயின் ஒரு வீட்டின் சுரத்தாள் மற்றை வீட்டிற் பிழையின்றி ஒலிக்கவேண்டும் அன்றோ?

ஒலிக்கவில்லை. காரணம் மணிக்கூடு. அற்றாரியில் அச்சில்லுக்கு ஊட்டப்படும் துடிப்பு செக்கனுக்கு 2,000,000. அம்ஸ்ட்ராட்டில் 1,000,000. ஸ்பெக்ட்ரத்தில் 1,773,400. சில்லின் சிறு அறையொன்றில் நாம் இடும் எண்ணைப் பதினாறாற் பெருக்கி, வந்த தொகையால் இத்துடிப்பை வகுத்தால் கிடைப்பதே ஒலியின் மீடிறன். உயர்தர வகுப்பு மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். 440 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஒலியை, அதாவது நம்மவர் ஆறு கட்டை என்று சொல்லும் சுருதியை, அற்றாரியில் எழுப்ப 284 என்னும் எண்ணை இடவேண்டும். அதே 284ஐ அம்ஸ்ட்ராட்டில் இட்டால் வருவது 220 ஹேர்ட்ஸ். பாட்டு முழுவதும் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். ஸ்பெக்ட்ரத்தில் இட்டால் ஏறக்குறைய 390 ஹேர்ட்ஸ். ஆறு கட்டைப் பாட்டு ஐந்து கட்டைக்கு வந்துவிடும். எம்.எஸ்.எக்ஸ்.இன் விளைவும் இதனை ஒட்டியதே. சுருதி பிறழாதிருக்க அம்ஸ்ட்ராட்டில் 142ஐயும் ஸ்பெக்ட்ரத்தில் 252ஐயும் இடவேண்டும். எந்தக் கணினிக்கு எழுதிய எண் என்பது தெரிந்தால் இவ்வாறு மாற்றுதல் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். தெரியாவிட்டால்? எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் இறங்கியிருப்பதால் பாட்டுப் பாட்டாகவே கேட்கும். ஆக்கியவர் மட்டுமே முகத்தைச் சுளிப்பார்.

இதற்கு வழி கண்டவர் ஆர்னோ காரே என்னும் பிரெஞ்சுச் செய்நிரலாளர். 'லெனார்ட்' என்னும் புனைபெயரால் அற்றாரி அன்பர்களிடையே அறியப்பெற்றவர். அவர் செய்தது இது. பாட்டை எவ்வித மென்பொருளால் எழுதியிருந்தாலும், இறுதியிற் சில்லின் ஒலிக்குரிய பதினான்கு சிறு அறைகளுக்குள் எண்கள் போய் விழுந்தே ஆகவேண்டும். செக்கனுக்கு ஐம்பது முறை அந்த அறைகளை எட்டிப்பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தால் பாட்டு கைக்கு வந்துவிடும். பதினான்கை ஐம்பதாற் பெருக்கினால் செக்கனுக்கு 700 பைற். மூன்று நிமிடப் பாட்டுக்கு 126,000 பைற்.

இது அக்கால நெகிழ்வட்டுக்குப் பெரிய சுமை. ஆதலின் எழுதும் ஒழுங்கை அவர் மாற்றினார். பாடசாலை வரவுப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை எல்லா மாணவரின் வரவையும், பின்பு செவ்வாய்க்கிழமை எல்லா மாணவரின் வரவையும் படித்தால் ஒன்றும் ஒழுங்காக வராது. ஒரு மாணவனின் வரவை மட்டும் ஆண்டு முழுவதற்கும் தொடர்ந்து படித்தால் 'வந்தான், வந்தான், வந்தான்' என்றே போகும். 'எண்பது நாளும் வந்தான்' என்று ஒரு வரியிற் சுருக்கிவிடலாம். அவ்வண்ணமே ஓர் அறையின் எண்கள் அனைத்தையும் முதலிலும், அடுத்த அறையின் எண்களை அதன் பின்னும் எழுதிச் சுருக்கியபோது கோப்பு மிகச் சிறியதாயிற்று.

ஆனால் இச்சாமர்த்தியத்தைக் காட்டிலும் நான் போற்றுவது அக்கோப்பின் தலைப்பைத்தான். இச்சில்லின் துடிப்பு இவ்வளவு, செக்கனுக்கு இத்தனை முறை எழுதப்பட்டது, பாட்டின் பெயர் இது, ஆக்கியோன் பெயர் இது என்று சில பைற்றுக்கள் அதன் வடிவத்திலேயே ஒதுக்கப்பட்டன. எந்த ஊரிற் பிறந்தது என்று கையில் எழுதிக் கட்டிவிட்ட குழந்தை போல, அதன் பின்பு அப்பாட்டு எந்தக் கணினிக்கும் போய்வரலாயிற்று.

இடவலம் மட்டும் அதில் எழுதப்படவில்லை. அதற்கும் காரணம் உண்டு. அற்றாரியில் ஏ, பி, சி என்னும் மூன்று குரல்களும் உள்ளேயே ஒன்றாகக் கலந்துதான் வெளிவந்தன. ஆகவே அற்றாரிக்காரருக்கு இடம் எது வலம் எது என்ற கேள்வியே எழவில்லை. அம்ஸ்ட்ராட்டில் அப்படியன்று. அதன் பின்புறத்துத் துளையில் ஹெட்போனைச் செருகினால் ஏ இடக்காதிலும் சி வலக்காதிலும் பி நடுவிலும் கேட்கும். ஸ்பெக்ட்ரமோ தொலைக்காட்சிப் பெட்டியின் ஒற்றை ஒலிபெருக்கியிற் பாடியது. அதைப் பொறுக்காத இளைஞர்கள் கணினியைத் திறந்து, சில்லின் மூன்று கால்களிலிருந்தும் தனித்தனியே கம்பி இழுத்து ஸ்டீரியோ ஆக்கினர். சிலர் அம்ஸ்ட்ராட்டைப் போல ஏ-பி-சி என்று ஒழுங்கு வைத்தனர்; வேறு சிலர் ஏ-சி-பி என்று வைத்தனர். இரண்டுமே நிலைத்துவிட்டன.

நாதஸ்வரத்தை மேடையின் நடுவில் இருத்தித் தவிலைப் பக்கத்தில் நிறுத்துவதற்கும், தவிலை நடுவில் இருத்தி நாதஸ்வரத்தை ஓரத்துக்குத் தள்ளுவதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு இவ்விரு ஒழுங்குகளுக்கும் உண்டு. ஆக்கியவர் தாளத்தைச் சி குரலில் எழுதித் தன் வீட்டில் அதை நடுவிற் கேட்டிருப்பார். வேறு வீட்டில் அது வலக்காதோரம் தட்டிக்கொண்டிருக்கும். மெட்டோ, அடித்தளச் சுரமோ நடுவுக்கு வந்துவிடும். மூன்று குரலை மூன்று இடத்தில் வைக்கும் வழிகள் ஆறு என்பதைக் கணிதம் படித்தோர் அறிவர். ருஷிய ஸ்பெக்ட்ரம் அன்பர்களிடையே தோன்றிய வி.ரி.எக்ஸ். என்னும் கோப்பு வடிவத்தில் இதற்கென்றே ஒரு பைற் ஒதுக்கப்பட்டது. தனியொலியா, அன்றி ஆறு ஒழுங்கில் எது என்பதை அந்த ஒரு பைற் சொல்லும். ஒரு பைற் செலவழித்து ஓர் ஆக்கியோனின் எண்ணத்தைக் காத்தனர்.

கருவியையும் சுமந்து சென்ற பாட்டு

1985இல் வந்த அமிகா கணினி இப்பிரச்சினையை வேறு கோணத்தில் அணுகிற்று. அதன் இசைச் சில்லு, பதிந்த ஒலித் துணுக்குகளையே வேண்டிய சுருதியில் இசைக்க வல்லது. நான்கு குரல்கள்; பிறப்பிலேயே ஸ்டீரியோ. முதலாவதும் நான்காவதும் இடப்புறம். நடுவிலுள்ள இரண்டும் வலப்புறம். 1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்னும் ஜேர்மானியர் ஆக்கிய 'அல்ற்றிமேற் சவுண்ட்ரக்கர்' என்னும் மென்பொருள், சுரத்தாளையும் அதை வாசிக்கவேண்டிய வாத்தியங்களின் ஒலித்துணுக்குகளையும் ஒரே கோப்புக்குள் அடைத்தது. 'மொட்' என்று வழங்கப்பெற்ற அக்கோப்பு, கச்சேரிக்குப் போகும் வித்துவான் தன் வீணையையும் கையோடு கொண்டுபோவதை ஒக்கும். முன்னே சொன்ன பாதிப் பாட்டு விபத்து இதற்கு நேராது.

வேறு விபத்துக்கள் நேர்ந்தன. அமிகாவின் மூன்றரை அங்குல நெகிழ்வட்டும் ஐ.பி.எம். வகைக் கணினியின் மூன்றரை அங்குல நெகிழ்வட்டும் கண்ணுக்கு ஒன்றே. ஆயினும் அமிகா தன் வட்டின் ஒவ்வொரு சுற்றிலும் பதினொரு பகுதிகளை நெருக்கி எழுதி 880 கிலோபைற் வைக்கும்; மற்றையது ஒன்பது பகுதிகளை இடைவெளி விட்டு எழுதி 720 கிலோபைற் வைக்கும். ஐ.பி.எம். கணினிக்கு அமிகா வட்டைப் படிக்கத் தெரியாது. அமிகாவோ மென்பொருளின் உதவியால் இரண்டையும் படிக்கும். எனவே பகிரும் பொறுப்பு எப்பொழுதும் அமிகாக்காரன் தலையிலேயே விழுந்தது. 1992இல் அக்கணினியின் இயங்குமுறையோடு குரொஸ்டொஸ் என்னும் துணைநிரல் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பின்னரே அச்சுமை குறைந்தது.

வட்டைக் கடந்தால் எண் வந்து மறிக்கும். இரு பைற்றில் எழுதிய எண்ணில் அமிகா பெரிய பாகத்தை முன்னே வைக்கும், ஐ.பி.எம். சிறிய பாகத்தை முன்னே வைக்கும். அமிகா 258 என்று எழுதியதை மற்றையது மாற்றாமற் படித்தால் 513 என்று காணும். ஒலித்துணுக்கிலும் அமிகாவுக்கு மௌனம் என்பது சுழியம்; அதற்கு மேலும் கீழுமாக அலை ஏறி இறங்கும். ஐ.பி.எம். கணினிகளுக்கு 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்ரர் அட்டைக்கோ மௌனம் என்பது 128. இவ்வேறுபாட்டை அறியாத செய்நிரல் புல்லாங்குழலை வாங்கித் தகரத்தைக் கிழிக்கும் ஓசையைத் தரும். இவற்றையெல்லாம் சீர்செய்த பின்னரும், அந்த அட்டையின் ஒலி தனியொலியே. 1991இல் வந்த அதன் அடுத்த பதிப்பிலேதான் ஸ்டீரியோ கிடைத்தது. இடையில் அமிகாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்த பாட்டுக்கள், இரு புறமும் ஒரே புறமாகிக் குறுகியே ஒலித்தன. ஒரு மெட்டைச் சற்றுத் தாமதித்து எதிர்ப்புறக் குரலில் மெல்ல மீண்டும் ஒலிக்கச்செய்து, பெரிய மண்டபத்திற் பாடுவது போன்ற எதிரொலியை உண்டாக்குவது அமிகா இசைஞர் கையாண்ட உத்தி. தனியொலியில் அந்த மண்டபம் இடிந்து விழுந்துவிடும்.

பெயர் தொலைந்த கதை இங்கும் உண்டு. மொட் கோப்பில் பாட்டின் பெயருக்கு இருபது எழுத்து இடம் உண்டு. ஆக்கியோன் பெயருக்கு இடமே இல்லை. ஆனால் வாத்தியம் ஒவ்வொன்றின் பெயருக்கும் இருபத்திரண்டு எழுத்து இடம் உண்டு. பின்வந்த பதிப்புகளில் வாத்தியங்கள் முப்பத்தொன்று. இளைஞர்கள் அந்த வரிகளிலேயே தம் பெயரையும் ஊரையும், ஆக்கிய நாளையும், நண்பருக்கு வாழ்த்தையும் எழுதிவைத்தனர். வாத்தியப் பெயர்களைத் 'திருத்தி' ஒழுங்குபடுத்திய நல்லெண்ணம் உடையோர், அறியாமலே ஆக்கியோனின் பெயரை அழித்தனர். போதாக்குறைக்கு, அமிகாவில் நீளமாக எழுதிய கோப்புப் பெயரை ஐ.பி.எம். கணினி எட்டெழுத்துக்குக் கத்தரித்தது.

முற்றாகப் புதிதாக எழுதிக்கொண்டவர்களையும் சொல்லாமல் விடலாகாது. ஜேர்மனியைச் சேர்ந்த யோகன் ஹிப்பல், பிரித்தானியரான ரொப் ஹபார்ட் கொம்மடோருக்கு ஆக்கிய பல பாட்டுக்களை அற்றாரியின் சில்லுக்கு மாற்றி அமைத்தார். அப்பாட்டுக்கள் 1988இல் தொகுப்பாகவே வெளிவந்தன. சிட் சில்லில் உள்ள ஒலிவடிகட்டி அற்றாரியில் இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டு இருப்பதுபோல் ஒலிக்கச்செய்வது வாய்ப்பாட்டை வயலினுக்குக் கொண்டுவருவது போன்ற வேலை. அதற்குக் கோப்பு மாற்றும் கருவி போதாது, காது வேண்டும்.

இன்று இவை யாவற்றையும் சாதாரணக் கணினியொன்றிற் கேட்கலாம். சிட் இசைக்கெனப் பெருந்தொகுப்பொன்று 1996ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகின்றது. சிட்பிளேயர் கோப்புகளுக்குத் தனித்தொகுப்பு உண்டு, அதில் எம்.யு.எஸ்.உம் எஸ்.ரி.ஆர்.உம் பாடற் சொற்களும் பக்கத்திற் பக்கமாகவே வைக்கப்பட்டுள்ளன. இரு சில்லுப் பாட்டுக்குரிய புதுக்கோப்பு வடிவத்தில் இரண்டாஞ் சில்லு எந்த முகவரியில் இருக்கின்றது என்பதும் தலைப்பிலேயே எழுதப்படுகின்றது. அமிகாப் பாட்டின் இடவலப் பிரிவு ஹெட்போனில் காதை உறுத்துவதால், கேட்கும் மென்பொருள்கள் இரு புறத்தையும் வேண்டிய அளவு கலக்கும் குமிழொன்றைத் தருகின்றன. அதைக் கூட்டிக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை என்பது என் கருத்து. அறையில் வைத்த இரு ஒலிபெருக்கிகளின் ஓசை காற்றிலேயே கலந்துதான் அக்காலத்தில் ஆக்கியவரின் காதுக்கும் வந்தது. ஆனால் அற்றாரிப் பாட்டை மூன்றாகக் கிழித்து இருகாதுக்கும் பங்கிட்டு, 'ஸ்டீரியோவாக மேம்படுத்தியது' என்று சொல்லிக் கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

எஞ்சியிருப்பது விடை தெரியாத பாட்டுக்கள். ஸ்பெக்ட்ரம் பாட்டு ஒன்றைத் திறந்தால், ஏ-பி-சியா, ஏ-சி-பியா, தனியொலியா என்று மென்பொருள் ஒரு தெரிவைக் காட்டும். கோப்பில் அதற்கு விடை இல்லையேல் கேட்பவர் மனம்போல ஒன்றைத் தொடுவார். உண்மை விடை, 1986இலோ 1990இலோ கணினியைத் திறந்து கம்பி இழுத்த அந்தப் பையனுக்கே தெரியும். அவர் இப்பொழுது ஐம்பதைக் கடந்திருப்பார். சிட் தொகுப்பைப் பேணுவோர் பாட்டுக்களோடு தனிக்குறிப்பேடு ஒன்றையும் வளர்த்து வருகின்றனர். ஆக்கியோர் தம் பாட்டைப்பற்றித் தாமே சொன்ன வரிகளை அதிற் காணலாம். சில பாட்டுக்களுக்கு ஒரு பந்தி இருக்கின்றது. பல பாட்டுக்களுக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை.